இசக்கியின் தலைக்கட்டு

பகவதியப்பன் பிள்ளையின் டிராக்டருக்கு நடுவயலில் ஒரு குறையும் கிடையாது. வரப்போரம் வந்தால்தான் அதற்குச் சாவு. திருப்புவதற்காக டிரைவர் தங்கப்பன் கிளச்சில் காலை வைத்தானோ இல்லையோ, சக்கரமும் நிற்கும், பின்னால் பூட்டிய சுழல் கலப்பையும் நிற்கும். நின்ற கலப்பையின் கத்திகள் தொளிக்குள் அப்படியே அமுங்கிக்கொள்ளும். திரும்பக் காலை எடுத்தால் எஞ்சின் இரண்டு முக்கு முக்கிவிட்டு அணைந்துபோகும். அப்புறம் ஆறு ஆள் மண்வெட்டியோடு சகதியில் இறங்கி, கத்திகளைச் சுற்றித் தோண்டி, எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றி, அதன் அம்மை அப்பனையெல்லாம் இழுத்து ஏசி மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். ஒரு மூலைக்கு அரைமணி நேரம். ஒரு வயலுக்கு நாலு மூலை.

"ரெண்டு எருமக்கடா வாங்கியிருக்கலாம்லா. அதுக்குக் கிளச்சு வேண்டாம்" என்று பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள். வயல் உழாமல் கிடப்பதைக்கூடப் பிள்ளை பொறுத்துக்கொள்வார். அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை.

அது கொல்லம் ஆண்டு 1130, இடவ மாதம், நம்முடைய வைகாசி. கன்னிப்பூ சாகுபடிக்குத் தொளி கலக்க வேண்டிய நேரம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓடுகிற மேல்காற்று பிடித்துவிட்டது. வயலில் நின்று பேசினால் பேச்சைக் கொண்டுபோய்விடும் காற்று. பிள்ளை கோட்டாற்றுக்கு ஆள் அனுப்பி ஞானதாசனை வரவழைத்தார்.

ஞானதாசன் பட்டாளத்தில் ஏழு வருஷம் லாரி எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். யுத்தம் முடிந்து வந்து கோட்டாற்றில் ஓலைக் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தான். கையில் வேலை இருந்தது. பட்டறையில்தான் வேலை இல்லை. சைக்கிள் செயினும் பஸ் கம்பெனிக்காரர்கள் தள்ளிவிடும் துருப்பிடித்த சாமானுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் டிராக்டரைச் சுற்றி ஒரு மட்டம் நடந்தான். தங்கப்பனை ஓட்டச் சொல்லி வரப்பு மூலையில் நின்று பார்த்தான். பிறகு பிள்ளையிடம் வந்து சொன்னான்.

"இதுக்கு ஒரே கிளச்சு மொதலாளி. சக்கரத்துக்கும் பின்னால சுத்துக தண்டுக்கும் சேத்து ஒண்ணுதான். ரெட்டக் கிளச்சு போட்டா சோலி தீந்துது. பாதி மிதிச்சா சக்கரம் மட்டும் நிக்கும், தண்டு சுத்திக்கிட்டே கெடக்கும். கலப்ப தொளியில பூராது. முழுக்க மிதிச்சாத்தான் தண்டும் நிக்கும்."

"இது ஒன்னால ஆவுமாவே?" என்று கேட்டார் பிள்ளை.

"ஆவும்."

"ஆவும்னா செய்யி. தோவாளையிலயும் பூதப்பாண்டியிலயும் நாலு பேரு வண்டி வச்சிக்கிட்டு என்னைய மாதிரித்தான் முழிச்சிக்கிட்டிருக்கானுவ. செஞ்சு ஓட்டிக் காட்டு. நான் அவனுவளக் கூட்டிக்கிட்டு வாறேன். பொறவு ஒம் பட்டறையில வண்டி நிறுத்த எடம் இருக்காது."

ஞானதாசனுக்கு அன்று கோட்டாறு வரை கால் தரையில் பாவவில்லை. நாலு டிராக்டர்! நாலும் வந்துவிட்டால் ஓலைக் கூரை ஓட்டுக் கூரையாகும், பட்டறைக்கு ஒரு பெயர்ப்பலகை வரும், 'பட்டாளத்துப் பய' என்று கூப்பிடுகிறவர்கள் 'மேஸ்திரி' என்று கூப்பிடுவார்கள். மனுஷனுக்கு ஆசை வந்தால் கண் முன்னாடி கட்டிய வீடு தெரியும். அவனுக்கும் தெரிந்தது.

பதினொரு நாள் வேலை. டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்து, எஞ்சின் ஒரு பக்கமும் கியர்ப்பெட்டி ஒரு பக்கமுமாகக் கட்டைமேல் தூக்கி வைத்தான். ஒரு பழைய ராணுவ லாரியின் கிளச் தட்டை இரண்டாவது தட்டாக்கினான். ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு ஓட வேண்டும். அதற்காகக் குழல் மாதிரித் துளைத்த தண்டு ஒன்றைக் கடைசல் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று, முதல் இரண்டு தண்டும் வெடித்துப்போயின. பெடலில் பாதி மிதிக்கு ஒரு கனம், முழு மிதிக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமான கனம் என்று காலுக்கே வித்தியாசம் தெரிகிற மாதிரி ஸ்பிரிங்கு வைத்தான். அப்படியொரு வேலையை அதுவரை அந்தப் பக்கத்தில் யாரும் செய்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை தங்கப்பன் வண்டியை வயலில் இறக்கினான். முதல் மூலை வந்தது. பாதி மிதித்தான். சக்கரம் நின்றது. கலப்பை நிற்கவில்லை, இருந்த இடத்திலேயே சகதியை மோராகக் கடைந்தது. கியர் மாற்றித் திருப்பினான். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. வரப்பில் நின்ற ஆட்கள் ஓவென்று கூவினார்கள். ஞானதாசன் கூவவில்லை. அவன் கலப்பைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த இசக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இசக்கிக்கு நாற்பது வயதிருக்கும். எலும்பும் நரம்புமான ஆள், வாய் மட்டும் ஓயாது. இரண்டு பூ சாகுபடியாக அவனுக்கு ஒரே வேலை. வண்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும். கத்தியில் கோரையும் பழைய வைக்கோலும் சுற்றிக்கொண்டால் வண்டி நின்றதும் கையை விட்டுப் பிடுங்கிப் போட வேண்டும். வண்டி நின்றால் எல்லாம் நின்றதுதான் என்று இரண்டு பூவாக அவன் கை படித்திருந்தது. இப்போதும் சக்கரம் நின்ற உடனே அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். ஞானதாசன் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

"ஏலே, சாவப் போறியா?"

"வண்டி நின்னுட்டுல்லா மேஸ்திரி?"

"வண்டி நின்னுது. தண்டு நிக்கல்ல. பாரு."

இசக்கி குனிந்து பார்த்தான். டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவே முட்டளவு உயரத்தில் ஓடிய தண்டு வழவழவென்று கடைசல் பிடித்த தண்டு. வேகமாகச் சுற்றுகிற வழவழப்பான தண்டு பார்வைக்குச் சும்மா நிற்பதுபோலத்தான் இருக்கும். இசக்கிக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஞானதாசன் வரப்பில் கிடந்த ஒரு கிழிந்த சாக்கை எடுத்து அதன் ஓரத்தைத் தண்டில் லேசாகத் தொடவிட்டான். கையிலிருந்த சாக்கைக் காணோம். தண்டில் ஒரு உருண்டைதான் இருந்தது.

"சவம், இது ஆளத் தின்னும் போலுக்கே" என்றான் இசக்கி. அன்றைக்கு அவன் சிரிக்காமல் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

தண்டுக்கு மேல் தகரத்தில் ஒரு மூடி போட வேண்டும் என்றுதான் ஞானதாசன் முதலில் நினைத்தான். போட்டால் சகதி ஏறி அடைத்தது. இரண்டு தரம் போட்டு இரண்டு தரமும் கழற்றி எறிந்தான். மூடி இல்லையென்றால் ஆளைத்தான் பழக்க வேண்டும். இரண்டு முழ நீளத்தில் ஒரு இரும்புக் கொக்கி அடித்து இசக்கி கையில் கொடுத்தான். தங்கப்பன் முழுக்க மிதித்துக் கையைத் தூக்கிக் காட்டினால்தான் கிட்டே போக வேண்டும், போனாலும் கொக்கிதான், கை கிடையாது. அப்புறம் தோர்த்துத் துண்டு. வயலில் எல்லாரும் தோளில் கிடக்கிற தோர்த்தோடுதான் வேலை செய்வார்கள். மேல்காற்றில் அது பறந்துகொண்டே கிடக்கும். ஞானதாசன் இசக்கியின் தோர்த்தை எடுத்து அவன் தலையில் இறுக்கிச் சுற்றி, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகிவிட்டான்.

"இது இனி அவுரப்பிடாது. வேல தீருகது வரைக்கும் இல்ல, எப்பவும். பழக்கம்னா என்ன தெரியுமா? நீ நெனைக்கதுக்கு முன்னால கை தானா போயிரும். கெட்டுகதே பழக்கமாவணும்."

இசக்கி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எனக்கும் ஒரு பவுசுதான்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "மொதலாளி வந்தா?"

அது கேட்க வேண்டிய கேள்விதான். முதலாளி வயலுக்கு வந்தால் தலையில் துணியோடு நிற்க முடியாது. அவிழ்த்து இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வேண்டும். சட்டம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதிய சட்டத்தையாவது ஆட்கள் மறப்பதுண்டு. இதை யாரும் மறந்ததில்லை.

"மொதலாளி வந்தாலும் சரி, மகாராசா வந்தாலும் சரி. நான் சொல்லிக்கிடுதேன்" என்றான் ஞானதாசன்.

சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னவன் சொன்னானா? அதுதான் இல்லை. நாலு நாள் இருந்தது. நாலு நாளும் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் போய் நின்றான். வண்டி எப்படி ஓடுகிறது, எத்தனை வயல் முடிந்தது, விருந்தாளிகள் என்றைக்கு வருகிறார்கள் என்று பேச்சு நடந்தது. 'மொதலாளி, இசக்கி தலைக்கெட்டோடத்தான் நிப்பான், தப்பா எடுக்கப்பிடாது' என்று ஒரு வரி. அது நாக்கு வரைக்கும் வரும். பிள்ளை வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார், இவன் அதை முழுங்கிக்கொள்வான். பிறகு சொல்லலாம் என்று தோன்றும். இவ்வளவு சின்னக் காரியத்தைச் சொல்லப்போய் மனுஷன் முகம் கோணிவிட்டால் நாலு டிராக்டர் என்ன ஆகும் என்றும் தோன்றும்.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பிளசர் கார் ஒன்று வயல் பாதையில் வந்து நின்றது. பிள்ளை இறங்கினார். கூடவே நாலு பண்ணைக்காரர்கள், தோளில் ஜரிகை நேரியலும் வெயிலுக்குக் குடையுமாக. ஞானதாசன் அன்றைக்குச் சலவைக் காக்கிக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுத் தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். வேலை செய்யும்போது தலையில் சுற்றுகிற கரித்துணியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

தங்கப்பன் மூன்று சுற்று ஓட்டினான். மூன்று மூலையிலும் கலப்பை தொளியில் புதையவில்லை. விருந்தாளிகள் வரப்பிலேயே கூட நடந்து வந்தார்கள். நாலாவது மூலையில், அவர்கள் நின்ற இடத்துக்குப் பத்தடியில், ஞானதாசன் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னான். தங்கப்பன் பாதி மிதித்துப் பிடித்துக்கொண்டான். சக்கரம் நின்றது. தண்டு சுற்றியது. காற்றுக்கு மேல் கத்தி ஞானதாசன் விளக்கினான்: பாருங்கள், இது நிற்கிறது, அது சுற்றுகிறது, இதுதான் வித்தை. இசக்கி தண்டிலிருந்து ஒரு எட்டு தள்ளி, கொக்கியை ஊன்றிக்கொண்டு, சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றான். தலைக்கட்டு இறுக்கமாக இருந்தது.

"கொள்ளாமே! பகவதியப்பா, காரியம் கொள்ளாம்" என்றார் ஒருவர்.

தோவாளைக்காரர் தண்டைப் பார்க்கவில்லை. அவர் இசக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி இருக்கட்டும். ஒம்ம ஆளுக்கு என்னைக்குவே பட்டம் கெட்டினீரு? ராசா மாதிரில்லா நிக்கான்" என்றார். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதே சிரிப்பு. எருமைக்கடா என்று வரப்பில் நின்று சிரித்த அதே சிரிப்பு. பிள்ளையின் முகம் கறுத்தது. அவர் இசக்கியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்ப்பதே தனக்குக் குறைவு என்பதுபோலத் திரும்பி ஞானதாசனைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

ஞானதாசனின் வாயிலிருந்து அது புறப்பட்டது. "ஏலே இசக்கி, தலைக்கெட்ட அவுருல!"

தோளில் சீலை போட்டதற்காகப் பாட்டிமார் சந்தையில் அடியும் கிழிசலும் பட்ட கூட்டத்தில் பிறந்தவன் ஞானதாசன். அந்தக் கதையைச் சர்ச்சிலும் வீட்டிலும் கேட்டு வளர்ந்தவன். அவன் வாயிலிருந்துதான் வந்தது. வண்டியைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாம், 'காரணமாத்தான் கெட்டியிருக்கான் மொதலாளி' என்று. இல்லையென்றால் 'தள்ளி வா' என்று ஒரு சொல். தள்ளி வந்து அவிழ்த்திருந்தாலும் போதுமே! எதுவும் வரவில்லை.

இசக்கி ஒரு தரம் அவனைப் பார்த்தான். நீர்தானே சொன்னீர் என்று கேட்கிற பார்வை. பிறகு தண்டைப் பார்த்தான். பிறகு கொக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தோர்த்தை அவிழ்த்து இடுப்பைச் சுற்றி ஒரு கட்டுக் கட்டி, முதலாளி நின்ற பக்கமாகக் குனிந்தான். கட்டினதில் மிஞ்சின நுனியைக் காற்று தண்டுப் பக்கமாகத் தூக்கியது.

அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பார்த்ததைச் சொல்ல மாட்டார்கள். 'அம்மோ' என்று பாதிச் சத்தம் கேட்டது. தங்கப்பன் பெடலை அடிமட்டம் வரை மிதித்தான். தண்டு நின்றது. ஞானதாசன் செய்த வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. முழுக்க மிதித்தால் நிற்கும் என்றான், நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில், ஆட்களிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருந்த பிள்ளை முதலில் பேசினார். மேஸ்திரி இசக்கிக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், தலைக்கட்டை அவிழ்க்கக் கூடாது என்று. அவன் கேட்காமல் அவிழ்த்தான் என்றார். இன்ஸ்பெக்டர் ஞானதாசன் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்தது. அவர் மலையாளத்தில் கேட்டார், ரைட்டர் மலையாளத்தில் எழுதினார். நீ அப்படிச் சொல்லியிருந்தாயா?

"சொல்லியிருந்தேன்" என்றான் ஞானதாசன்.

எல்லா ஆட்கள் முன்னாலும் சொன்னாயா?

"சொன்னேன்."

அது பொய்யா? ஒரு எழுத்துப் பொய் இல்லை. அத்தனையும் நிஜம். இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. தங்கப்பனுக்கும் காது கேட்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆளின் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி ரைட்டர் படித்துக் காட்டினார். ஞானதாசன் கையெழுத்துப் போட்டான். பட்டாளத்தில் பழகிய நல்ல இங்கிலீஷ் கையெழுத்து.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், பத்து நாளுக்குள் அவன் பட்டறைக்கு இரண்டு டிராக்டர் வந்து நின்றது. ஒன்று அந்தத் தோவாளைக்காரருடையது. "அந்த ரெட்டக் கிளச்சு நமக்கும் போட்டிரும்வே" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஞானதாசன் வாங்கி வைத்துக்கொண்டான். பிரித்துப் போட்டான். கை வேலை செய்தது. தலையில் கரித்துணியை இசக்கிக்குக் கட்டிய மாதிரியே நுனியை உள்ளே செருகிக் கட்டிக்கொண்டான். சாப்பிடும்போதும் அவிழ்க்கவில்லை. வெயிலுக்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ராத்திரி படுக்கும்போதும் அது தலையில்தான் இருந்தது, பெண்டாட்டி ஒரு தரம் கேட்டுவிட்டு அப்புறம் கேட்காமல் விட்டுவிட்டாள்.

இசக்கி செத்த இருபத்திரண்டாம் நாள் காலை ஒரு பெண்பிள்ளை பட்டறை வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் பழைய சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. ஞானதாசன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். இசக்கியின் பெண்டாட்டி பூங்கனி. ஆறு மைல் நடந்து வந்திருந்தாள்.

"இது ஒங்க சாமானம் மேஸ்திரி" என்று சாக்கைப் பிரித்தாள். அவன் அடித்துக் கொடுத்த கொக்கி. "வயல்ல கெடந்துதுன்னு கொண்டு தந்தாவ. ஒங்களுக்குள்ளத ஒங்ககிட்ட ஏப்பிச்சுக் குடுத்திரணும்லா."

"நீயே வச்சுக்கோ."

"எனக்கெதுக்கு? அதப் பாக்கும்பம் எல்லாம் கூசிப்போவுது."

கொக்கியைக் கீழே வைத்துவிட்டு அவள் போகவில்லை. சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு காரியம் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். அவிய ஒங்க வாக்கத் தட்டிட்டாவ. ஊருல எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ, மேஸ்திரி அத்தன மட்டம் சொல்லியும் கேக்காத வெவரங்கெட்ட பயன்னு. மொதலாளி வீட்டுல வேலைக்குப் போனா அங்கயும் அதுதான் பேச்சு. ஒங்க கைவேலைக்கும் அவியளால ஒரு குத்தம் வந்துட்டுது. அவியளுக்கு வேண்டி நான் கேக்கேன், நீங்க பொறுத்துக்கிடணும்."

செத்தவனைக் கொன்றவனிடம் வந்து செத்தவனுக்காக மன்னிப்புக் கேட்கிறாள்! போ என்று ஞானதாசனால் சொல்லிவிட முடியாது. போகாதே என்று சொல்லவும் திராணி இல்லை.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கமாட்டேங்குது மேஸ்திரி" என்றாள் அவள். "அவிய வீட்டுல கஞ்சி குடிக்கும்பமும் தலைக்கெட்ட அவுக்க மாட்டாவ. படுக்கும்பமும் கெட்டிக்கிட்டுத்தான். நான் சிரிப்பேன். சிரிக்காதட்டி, மேஸ்திரி சொல்லியிருக்காரு, பழக்கம் விட்டா கை தானா போயிரும்னுவாவ. நாலு நாளும் அப்படித்தான் கெடந்தாவ. அப்படியுள்ள மனுசன் அன்னைக்கு ஏன் அவுத்தாவ?"

கூரை ஓலை காற்றில் படபடத்தது. பிரித்துப் போட்ட தோவாளைக்காரர் வண்டி நடுவில் பிளந்து கிடந்தது. 'தெரியல்ல' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் தலையாட்டிவிட்டு ஆறு மைல் திரும்பி நடப்பாள், இவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால்? பிள்ளை போவார், நாலு வண்டியும் போகும். போலீசுக்காரன் கேஸைத் திருப்பி இவன் தலையில் கட்டுவான். இவன் மேல் எழுத வேறு ஒன்றும் வேண்டாம், இவன் வாயே போதும்.

"அவன் என் வாக்கத் தட்டல்ல" என்றான் ஞானதாசன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கெட்டுன்னு சொன்னேன், கெட்டினான். மொதலாளி மூஞ்சியப் பாத்துட்டு, அவுருலன்னு நான்தான் சொன்னேன். அவுத்தான். ரெண்டு மட்டமும் எம் பேச்சக் கேட்டான்."

பூங்கனி அழவில்லை. அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவன் அதையெல்லாம் எதிர்பார்த்து நின்றான். ஒன்று கிடைத்திருந்தாலும் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் குனிந்து அந்தக் கொக்கியை எடுத்து மறுபடி சாக்கில் சுற்றினாள்.

"அப்ப இது அவியளுக்குள்ளதுதான்" என்றாள். பிறகு, "இத நீங்க பொலீசில சொன்னியளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவதுக்கு? நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாவ. புருசன் செத்த மூளி ஒளறுதான்னுதான் சொல்லுவாவ. நீங்க அங்க வந்து சொல்லணும். அவிய வெவரங்கெட்டுச் சாவல்லன்னு எழுதி வரணும்."

"பூங்கனி, அதுல என்னைய..."

"வாருங்க" என்றாள் அவள். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. சொல்லிவிட்டு வெளியே போய் ரோட்டில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானதாசன் கையிலிருந்த கிரீசைத் துடைத்துக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடேயே பின்னால் நடந்தான். பட்டறைக் கதவைச் சாத்தவில்லை. கோட்டாற்றுக் கடைத்தெருவில் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள், அவனுக்குக் காதில் விழவில்லை. மணிமேடைக் கடிகாரக் கூண்டு வரும்போது ஒரு தரம் நின்றான். அவளும் நின்றாள். அவன் நடந்தான். அவளும் நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நின்ற கான்ஸ்டபிள் முதலில் அவளைப் பார்த்தான், பிறகு இவனைப் பார்த்தான். புது ஆள். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த மலையாளத்துப் பையன். ஞானதாசனின் தலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"தலேக்கெட்டு அழிக்கெடோ."

அவ்வளவுதான். ஞானதாசன் ஒன்றும் யோசிக்கவில்லை. அவிழ்க்க வேண்டும் என்றுகூட அவன் நினைக்கவில்லை. அடுத்த மூச்சில் கரித்துணி அவன் கையில் இருந்தது, தலை தானாகக் கொஞ்சம் குனிந்திருந்தது.

பூங்கனி இரண்டடி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அந்தத் துணி அவன் கையிலிருந்து படபடத்ததையும் பார்த்தாள்.

"இம்புட்டு நேரந்தான் எடுத்துதா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் அவன்.

அவளை உள்ளே விடவில்லை. அவன் மட்டும் போனான். இன்ஸ்பெக்டர் இல்லை. அன்றைக்கு எழுதிய அதே ரைட்டர் மேஜைக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை, நோட்டையும் திறக்கவில்லை. ஞானதாசன் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலில் நிற்கிறவளுக்கும் கேட்கும்படியாக உரக்கச் சொன்னான்.

"இசக்கி தானா அவுக்கல்ல. நான்தான் அவுக்கச் சொன்னேன். அத எழுதணும்."

ரைட்டர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு, ஒன்றும் பிடிபடாதவராக அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏது இசக்கி?" என்று கேட்டார்.